சூரை வளர்க்க மானியம் என்று யாராவது வந்தால், முன்பணம் கொடுக்காதீர்கள்

போன மாதம் ஒரு மகளிர் குழுவின் பொருளாளர் அக்கா ஒரு வண்ண நோட்டீஸைக் கொண்டுவந்து காட்டினார். கடலில் கூண்டு போட்டுச் சூரை மீன் (டூனா) வளர்க்கலாம், அரசாங்கம் 60 சதவீத மானியம் தருகிறது என்று அதில் அச்சடித்திருந்தது. திட்ட அறிக்கை எழுதுவதற்கும் அலுவலகத்தில் பேசி முடிப்பதற்கும் என்று குழுவின் சேமிப்பிலிருந்து 25,000 ரூபாய் ஏற்கெனவே கைமாறிவிட்டது. "தம்பி, இது நெசந்தானே?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லவே மனசு வரவில்லை. நண்டு உடைத்தும் கருவாடு காயப்போட்டும் சேர்த்த காசு அது.

நெசமில்லை. நம் கடலில் மானியத்துக்குப் போடும் 5 லட்ச ரூபாய்க் கூண்டில் சூரை வளர்க்க முடியாது.

ஏன் என்று தெரிந்தால்தான் அடுத்து வரும் ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்ப முடியும். சூரை நிற்காமல் நீந்தும் மீன், நீந்தினால்தான் அதற்கு மூச்சு. அதை வளர்க்கும் நாடுகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் போர்ட் லிங்கனில் 1990களின் தொடக்கத்திலிருந்து நீலத்துடுப்புச் சூரையை வளர்க்கிறார்கள். அங்கேயும் அது குஞ்சு பொரித்து வளர்ப்பதில்லை. ஆழ்கடலில் வலை சுற்றி இளஞ்சூரைகளை உயிரோடு வளைத்து, கூண்டோடு மெதுவாகக் கரைப்பக்கம் இழுத்துவந்து, மத்தி போட்டுக் கொழுக்க வைக்கிறார்கள். முட்டையிலிருந்து வளர்ப்பதை ஜப்பானின் கிண்டாய் பல்கலைக்கழகம் 1970-ல் தொடங்கி 2002-ல்தான் முழுச் சுற்றாகச் சாதித்தது. 32 வருடம்! ஒரு கிலோ சூரை கூடுவதற்குப் பத்து கிலோவுக்கு மேல் மீன் தீனி போட வேண்டும். நம் மீனவர் வாங்கிவிடும்படி சூரைக் குஞ்சு தரும் பொரிப்பகம் இங்கே கிடையாது. குஞ்சே இல்லாத மீனுக்கு எவன் கூண்டு விற்றாலும் அது ஏமாற்று.

சரி, அப்படியென்றால் 60 சதவீதம் என்பது எங்கிருந்து வந்தது? அது உண்மையான திட்டத்திலிருந்து எடுத்ததுதான். 2020-ல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கடல் கூண்டுக்கு மானியம் உண்டு. 100 முதல் 120 கன மீட்டர் கொள்ளளவுள்ள ஒரு கூண்டுக்கு அலகுத் தொகை, அதாவது மானியம் கணக்கிட அரசாங்கம் வைத்திருக்கும் செலவு, 5 லட்சம். பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், அதாவது 2 லட்சம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம், 3 லட்சம். வளர்ப்பது பெரும்பாலும் கடல் விரால் (கோபியா), பொம்பானோ, கொடுவா மீன்கள். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் 2010-ல் கடல் விராலையும், அடுத்த வருடம் வெள்ளிப் பொம்பானோவையும் குஞ்சு பொரிக்க வைத்ததால்தான் இது சாத்தியமாயிற்று. திட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். மக்கள் அடிபடுவது இதற்கு அப்புறம்தான்.

முதலில், 60 சதவீதம் எதில் என்று பாருங்கள். நீங்கள் செலவழித்த தொகையில் இல்லை, அலகுத் தொகையில். கூண்டு, வலை, நங்கூரம், குஞ்சு, தீனி என்று உங்களுக்கு 7 லட்சம் ஆனாலும் மானியம் 5 லட்சத்துக்குத்தான் கணக்கு. அந்த 5 லட்சத்துக்குள் எதெல்லாம் அடங்கும் என்று மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல் வேண்டாம். போன வருடம் வாயால் சொன்ன ஆய்வாளர் இந்த வருடம் மாறுதலாகிப் போயிருப்பார். புதிதாக வந்தவர், "அப்படி யார் சொன்னது?" என்று கேட்பார்.

இரண்டாவது, பணம் முதலில் வராது. உங்கள் காசையோ கடனையோ போட்டு வேலையை முடித்து, அவர்கள் வந்து பார்த்து, படம் எடுத்த பிறகுதான் மானியம் கணக்கில் ஏறும். அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது. அதனால் வட்டிக்கு வாங்கிப் போட்டுவிட்டு மானியம் வந்ததும் அடைக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வாங்கத்தான் வேண்டும் என்றால் கந்து வட்டிப் பக்கம் போகாமல் மீனவருக்கான கிசான் கிரெடிட் கார்டைக் கேளுங்கள். மீன் வளர்ப்போருக்கும் அது உண்டு. 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கியில் "பத்திரம் கொண்டு வாங்க" என்றால் இந்த விதியைச் சொல்லுங்கள். மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதிக் கேட்டால் பதில் வேறு மாதிரி வருவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, ஒப்புதல் ஆணை கைக்கு வரும் முன்பு ஒரு கயிறுகூட வாங்காதீர்கள். ஆணைக்கு முந்தைய தேதியில் பில் இருந்தால் அதைத் தள்ளிவிடுவார்கள். "எப்படியும் கிடைச்சிரும், நீங்க வேலையை ஆரம்பிங்க" என்று சொன்னவரை நம்பிக் கூண்டுக்குக் குழாய் வாங்கியவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும். இருவருக்கும் அந்தக் குழாய்களுக்கு ஒரு ரூபாய் வரவில்லை. பில்லில் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். பெயர் விண்ணப்பத்தில் உள்ளபடியே எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் ஒரு மாதிரி இனிஷியல் இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே திருத்திவிடுங்கள். அதற்கே ஒரு மாதம் ஓடிவிடும்.

பெண்கள் பெயரில் விண்ணப்பம் போடும்போது இன்னொரு சிக்கல். 60 சதவீதம் வேண்டும் என்பதற்காக மனைவி பெயரில் போட்டுவிட்டு, கணக்கும் பில்லும் கணவர் பெயரில் வைத்தால் கோப்பு அங்கேயே நிற்கும். கணக்கு, பில், மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை எல்லாம் அந்தப் பெண்ணின் பெயரிலேயே இருக்கட்டும். ஆய்வுக்கு வரும்போதும் அவரே நின்று பேசட்டும். கடலோரச் சமூகங்களில் பெரும்பாலானவை பிற்படுத்தப்பட்ட அல்லது மிகப் பிற்படுத்தப்பட்ட பட்டியலில் இருப்பவை. அதனால் ஆண் விண்ணப்பதாரருக்குப் பொதுவாக 40 சதவீதம்தான். இதை மறைத்து எல்லோருக்கும் 60 என்று சொல்லித்தான் தரகர்கள் ஆள் பிடிக்கிறார்கள்.

இனி இடம். கூண்டு போடும் கடலுக்குப் பட்டா கிடையாது. அதனால்தான் அலைச்சல். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986-ல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. அதற்குள் கூண்டு என்ற பேச்சே கூடாது. பக்கத்தில் என்றாலும் வனத்துறையின் தடையில்லாச் சான்று கேட்பார்கள். வனத்துறைக்குப் போனால், "மீன்வளத் துறை கடிதம் கொண்டு வாங்க" என்பார்கள். மீன்வளத் துறைக்குத் திரும்பினால், "முதலில் வனத்துறை சான்று" என்பார்கள். ஒரு குழு இப்படி ஐந்து மாதம் நடந்தது. பஸ் செலவும் போன கூலியும் யார் கணக்கு?

இதை உடைக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கூண்டு போடும் இடத்தின் ஜிபிஎஸ் புள்ளிகளைப் படகில் போய் எடுத்து, ஒரே மனுவில் எழுதி, ஒரே நாளில் இரண்டு அலுவலகத்திலும் கொடுங்கள். ஒவ்வொன்றின் நகலிலும் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் அசைவில்லை என்றால் திங்கள்கிழமை ஆட்சியர் குறைதீர் நாளில் மனு கொடுத்து எண் வாங்குங்கள். அதற்கும் பதில் இல்லையா, 10 ரூபாயில் தகவல் உரிமை மனு போடுங்கள். "என் மனு இன்றைக்கு யார் மேசையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நீளமாகக் குற்றம்சாட்டி எழுதாதீர்கள், அதைக் காரணம் காட்டியே தட்டிக்கழிப்பார்கள்.

ஊர்க் கமிட்டியையும் மறந்துவிடாதீர்கள். அந்த இடத்தில் வழக்கமாக வலை விடுகிறவர்களிடம் சொல்லாமல் கூண்டை நிறுத்தினால் அரசாங்க ஆணை கையில் இருந்தும் பயனில்லை.

காலக்கணக்குதான் என்னை அதிகம் கோபப்படுத்துவது. வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) வாடைக் காற்று எழும் முன்பு, ஐப்பசிக்குள் அறுவடை முடிந்தாக வேண்டும். கடல் விரால் ஓரளவு விலை போகும் எடைக்கு வர ஏழு, எட்டு மாதம் பிடிக்கும். அப்படியானால் மாசி, பங்குனியில் குஞ்சு கூண்டுக்குள் இருக்க வேண்டும். ஆனால் ஒப்புதல் ஆணை வருவது பெரும்பாலும் நிதியாண்டு முடிகிற மார்ச் மாதத்தில். அதன் பிறகு கூண்டு கட்டி, குஞ்சுக்குச் சொல்லி வைத்து, விடும்போது ஏப்ரல் 15 தாண்டிவிடும். அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு போகாது, தீனிக்குப் போடும் சங்காயம் (விலை போகாத பொடிமீன்) கரைக்கு வராது. கடல் விரால் ஒரு கிலோ எடை கூடுவதற்கு ஐந்து கிலோவுக்குக் குறையாமல் சங்காயம் வேண்டும். இரண்டு டன் மீன் என்றால் பத்து டன் தீனி. தடைக்காலத்தில் அதை எங்கே வாங்குவது? குஞ்சு பட்டினி கிடக்கும், அல்லது தீனிக்கு மூன்று மடங்கு விலை போகும். ஆணையைத் தருகிற அலுவலகம் கடற்கரை மாவட்டத்தில்தான் இருக்கிறது. காற்றும் தடைக்காலமும் அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாத விஷயமா?

அதனால் மார்ச்சில் ஆணை வந்தால் அவசரப்பட்டுக் குஞ்சு விடாதீர்கள். கூண்டைக் கட்டி முடித்து ஆய்வை வாங்குங்கள். குஞ்சு விடுவதை அடுத்த பருவத்துக்குத் தள்ளக் கால நீட்டிப்புக் கேட்டு மனு கொடுங்கள். தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்) ஆட்களுக்குக் கணக்கு வேறு, அங்கே வைகாசியிலிருந்தே கச்சான் காற்று அடிக்கும். உங்கள் பக்கத்துக் காற்று உங்களுக்கே தெரியும். அதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

காப்பீட்டில் ஒரு குழப்பம் உண்டு. மீனவர் விபத்துக் காப்பீடு 5 லட்சம் என்பது ஆளுக்கு, கூண்டுக்கு இல்லை. புயலில் கூண்டு போனால் அதில் ஒன்றும் வராது. கூண்டுக்குத் தனியாக எடுக்க வேண்டும். 2024-ல் அறிவித்த இன்னொரு மத்தியத் திட்டத்தில் வளர்ப்புக் காப்பீட்டு பிரீமியத்தில் 40 சதவீதம் திரும்பக் கிடைக்க வழி இருக்கிறது. அதற்குத் தேசிய மீன்வள டிஜிட்டல் தளத்தில் பதிவு வேண்டும். பதிவு செய்து தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காமல் பொதுச் சேவை மையத்துக்குப் போங்கள்.

சூரையில்தான் பணம் பார்க்க வேண்டும் என்றால், அது வளர்ப்பில் இல்லை, பிடிப்பில். அதற்கும் திட்டம் இருந்தது. 2017-ல் பாக் நீரிணை விசைப்படகுகளை மாற்ற 80 லட்ச ரூபாய்ச் சூரைப்படகுத் திட்டம் வந்தது. அதில் 70 சதவீதம் மானியம், 8 லட்சம் சொந்தப் பணம், 16 லட்சம் வங்கிக் கடன். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் பழைய விசைப்படகை விட்டுக்கொடுக்க வேண்டும், தூண்டில் கயிற்றில் சூரை பிடிக்கும் வேலை நம் பக்கத்துக்குப் புதிது, கன்னியாகுமரி மாவட்டத் தூத்தூர்க்காரர்கள் மாதிரி வாரக்கணக்கில் கடலில் தங்கிப் பழக்கமில்லை. 2,000 படகு என்று சொன்ன இலக்கின் பக்கத்தில்கூட அது போகவில்லை. யாராவது அதே பேச்சோடு வந்தால், கையில் இருக்கும் படகைக் கொடுக்கும் முன்பு புதுப் படகு எந்தத் தேதியில் வரும் என்று எழுதி வாங்குங்கள்.

மத்ஸ்ய சம்பதா திட்டம் முதலில் ஐந்து வருடத்துக்கு அறிவிக்கப்பட்டு, 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. எனவே அலுவலகத்தில் உங்கள் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "இந்த நிதியாண்டில் நம் மாவட்டத்துக்கு எத்தனை கூண்டு, இன்னும் எத்தனை மிச்சம்?" மிச்சம் இல்லையென்றால் யார் சிபாரிசும் வேலை செய்யாது, காசு மட்டும் போகும்.

அந்த அக்காவின் குழுவுக்கு 25,000 இன்னும் திரும்பவில்லை. ரசீது இல்லை, நோட்டீஸில் முகவரி இல்லை, ஒரு செல்போன் எண் மட்டும். அந்த எண்ணையும் நோட்டீஸையும் இணைத்துக் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து மனு ஏற்பு ரசீது வாங்கியிருக்கிறோம். உங்கள் ஊருக்கும் அதே நோட்டீஸ் வந்திருந்தால் தூக்கிப் போடாமல் பத்திரமாக வையுங்கள். குழுவின் காசோலையிலோ பணம் எடுக்கும் சீட்டிலோ வெற்றுக் கையெழுத்து போட்டு யாரிடமாவது கொடுத்திருந்தால், இன்றைக்கே வங்கிக்குப் போய் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.