புது பைண்டிங் போடுவதற்கு முன்பு, தயவுசெய்து ஒரு நிமிடம்

புது பைண்டிங் போட்ட பழைய நூல் ஒன்று சென்ற வாரமும் என்னிடம் வந்து சேர்ந்தது. ஆப்பிரிக்காவில் பயணம் செய்த ஸ்டான்லியின் ‘இன் டார்க்கஸ்ட் ஆப்பிரிக்கா’, 1890இல் லண்டனில் வெளியான இரண்டு தொகுதிகள். பதிப்பாளரின் துணி அட்டை போன இடத்தில் சிவப்பு ரெக்சின். மூன்று பக்கமும் கத்தியில் சீவிய விளிம்பு. லேமினேஷன் செய்ததால் இனி மடிக்க முடியாமல், சுருட்டி ரப்பர் பேண்டு போட்ட வரைபடம். இன்னும் நூறு வருடம் தாங்கும் என்று பைண்டர் உறுதியளித்ததாக உரிமையாளர் பெருமையுடன் சொன்னார். தாங்கும், அதில் ஐயமில்லை; ஆனால் அதை விரும்பி வாங்கத்தான் ஆள் இருக்காது.

பழைய நூல்களைச் செப்பனிடும் தொழிலில் என்னை ஓயாமல் எரிச்சலூட்டுவது, புது அட்டை மதிப்பைக் கூட்டும் என்ற இந்த எண்ணம்தான். ஸ்டான்லியின் நூல் அரியதன்று. அக்காலத்தில் ஏராளமாக விற்றது, இன்றும் எளிதில் கிடைக்கிறது. அப்படியிருக்க, ஒருவர் கூடுதல் விலை கொடுத்து ஒரு குறிப்பிட்ட பிரதியை வாங்குகிறார் என்றால், அது அச்சகத்தை விட்டு வெளியே வந்த அதே துணியோடும், அட்டைப் பையில் செருகிய அதே வரைபடங்களோடும் இருப்பதற்காகவே வாங்குகிறார். வாசிப்பதற்கு மட்டும் என்றால் மறுபதிப்பே போதுமே! லண்டன் பிக்காடிலியில் விலங்குகளைப் பாடம் செய்து விற்ற ரோலண்ட் வார்ட், வேட்டை நூல்களையும் வெளியிட்டார். அவருடைய வெளியீடுகள் பலவற்றின் உள்ளட்டைத் தாளில் வரிக்குதிரைக் கோடுகள் இருக்கும். சேகரிப்பாளர்கள் ஆசையோடு தேடும் அந்தத் தாளைத்தான் நம் பைண்டர்கள் முதலில் கிழித்தெறிந்துவிட்டு வெள்ளைத் தாள் ஒட்டுகிறார்கள். நூலின் கடைசியிலுள்ள பதிப்பாளர் விளம்பரப் பக்கங்களும் உடன் போய்விடுகின்றன. அந்தப் பிரதி எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதைக் கணிக்க உதவுபவை அவையே.

கிழிந்த வரைபடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் என்ற பேச்சே வேண்டாம். மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுப் பசையும் போதும். பின்னொரு நாள் தேவைப்பட்டால் ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம். தோல் முதுகு செந்தூளாக உதிர்கிறதென்று எண்ணெய் தடவுவதும் கூடாது. நான் கழுவ முடியாத கறைகளில் பாதி அந்த எண்ணெயால் வந்தவை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த பளிச்சென்ற பச்சைத் துணி அட்டைகள் சிலவற்றில் ஆர்சனிக் கலந்த சாயம் உண்டு என்பதால், அவற்றைத் தொட்டபின் கையைக் கழுவுங்கள்; எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் வழக்கத்தை இத்தகைய நூல்கள் உள்ள அலமாரியின் முன்பாவது மறந்துவிடுங்கள்.

வாங்கும்போது அவசரப்படாதீர்கள். படப்பட்டியலை வைத்துக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். வேட்டைக்காரரும் ஓவியருமான கார்ன்வாலிஸ் ஹாரிஸ் 1840இல் வெளியிடத் தொடங்கிய தென்னாப்பிரிக்க விலங்குத் தொகுப்பில் 30 வண்ணப் படங்கள். அவ்வகை நூல்களைப் பிரித்துப் படங்களைச் சட்டம் போட்டுத் தனித்தனியே விற்பவர்கள் இருக்கிறார்கள். (அவர்களைப் பற்றி நான் நினைப்பதை இங்கே எழுத இயலாது.) கென்யாவின் சாவோ பகுதியில் ரயில்பாதைத் தொழிலாளர்களைக் கொன்ற சிங்கங்களைப் பற்றி பேட்டர்சன் எழுதிய நூல் 1907இல் வெளிவந்து பலமுறை மறு அச்சானது, ஆகவே அட்டையைப் பார்த்து மயங்காமல், தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் படியுங்கள். ஆப்பிரிக்காவில் வேட்டையாடிய ஆங்கிலேயர் செலூஸின் நூல்களை, இன்றைய ஜிம்பாப்வேயிலுள்ள புலவாயோ நகரில் பின்னாளில் அப்படியே நகலெடுத்து அச்சிட்டார்கள். அவை நல்ல பதிப்புகளே. ஆனால் முதற்பதிப்பின் விலைக்குரியவை அல்ல.

ஏற்கெனவே பைண்டிங் செய்யக் கொடுத்திருந்தால் இன்றே போய், கழற்றிய அட்டை, உள்ளட்டைத் தாள், விளம்பரப் பக்கங்கள் அனைத்தையும் கேட்டு வாங்குங்கள். குப்பைக்குப் போயிருக்காவிட்டால், ஓர் உறையிலிட்டு நூலோடு சேர்த்தே எடுத்து வாருங்கள். முதுகுத் துணியின் ஒரு துண்டு மட்டும் கிடைத்தாலும் அதைப் புது முதுகின்மேல் பதித்துத் தர முடியும்.