பண்ணை வீடு அல்ல, பெருந்தோட்ட மாளிகை

அமெரிக்காவின் லூசியானாவில் ஓக் ஆலி என்றொரு பழைய மாளிகை. 1830களின் கடைசியில் கட்டியது. வீட்டைச் சுற்றி ஓடும் வராந்தாவில் 28 தூண்கள், ஆற்றுப் பக்கம் இரண்டு வரிசையாக 28 ஓக் மரங்கள். அங்கே அடிமையாக இருந்த அன்ட்வான் என்ற தோட்டக்காரர்தான் பீக்கன் என்ற கொட்டை மரத்தில் முதன்முதலாக ஒட்டுக்கட்டி வெற்றி கண்டவர். ஆங்கிலத்தில் இத்தகைய மாளிகைக்குப் பிளாண்டேஷன் ஹவுஸ் என்று பெயர். அவரைப் பற்றிச் சொல்லும்போதும் ஆவணப்படத்தின் தமிழ் மொழிமாற்றக் குரல் "இந்தப் பண்ணை வீட்டில்" என்கிறது. டிவியில் இதை எத்தனையாவது முறை கேட்கிறேனோ!

பிளாண்டேஷன் என்பதற்கு லத்தீன் வேரில் நடுதல் என்று பொருள். ஆட்களைக் கொண்டுபோய்க் குடியேற்றுவதையும் ஆங்கிலேயர் அப்படியே சொன்னார்கள். அப்புறம் அது கரும்பு, பருத்தி, தேயிலை என ஒரே பயிரைத் தூரத்துச் சந்தைக்காக விளைவிக்கும் நிலத்தின் பெயரானது.

பண்ணை வீடு என்றால் சென்னையில் யாருக்கு என்ன தோன்றும்? கிழக்குக் கடற்கரைச் சாலையில் பலகை தொங்குகிறது: "பண்ணை வீடு வாடகைக்கு. நீச்சல்குளம் உண்டு." சனி, ஞாயிறு போய் வரும் இடம். கசையடி விழுந்த இடத்துக்கு இந்தப் பெயரா?

பண்ணையார், பண்ணையாள் என்ற சொற்களிலேயே அடிமைத்தனம் இருக்கிறதே என்று மொழிபெயர்ப்பு நண்பர் ஒருவர் வாதாடினார். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தஞ்சைப் பண்ணையார் விளைவித்தது ஊரும் உண்ணும் நெல். அவர் வீடும் திண்ணை, முற்றத்தோடு ஊருக்குள்ளேயே இருந்தது. பண்ணையாளின் கொடுமை வேறு, கப்பலில் ஏற்றி விற்கப்பட்டவரின் கொடுமை வேறு. ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்தால் இரண்டுமே மங்கிப்போகும்.

தோட்ட வீடு என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது நம் ஊர்ச் சொத்து. ஜார்ஜ் கோட்டையை விட்டு வெளியே வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் பெரிய தோட்டத்துக்கு நடுவே கட்டிய வீடுகள்தான் மெட்ராஸின் தோட்ட வீடுகள். அடையாற்றங்கரையில் 1790களில் எழுந்த பிராடி காசில், இன்று அரசு இசைக் கல்லூரி, அந்தக் காலத்துக் கட்டடம். பளிங்குபோல் மின்ன, சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த பூச்சு அந்த நாளைய சென்னைக் கொத்தனாரின் கைவேலை. சந்தைக்குப் பயிர் வளர்த்த வீடுகள் அல்ல இவை.

பெருந்தோட்டம் என்ற சொல் இலங்கைத் தமிழில் அரசாங்க ஏடுவரை ஏறியிருக்கிறது. சொல் கையிலேயே இருக்கிறது, தேட வேண்டியதில்லை. பெருந்தோட்ட மாளிகை என்று எழுதினால் போதும். வால்பாறை, நுவரெலியாத் தேயிலைத் தோட்டக் கதை என்றால் துரை பங்களா என்றே எழுதுங்கள். லயம் என்னும் வரிசைக் குடியிருப்பில் கிடந்த தொழிலாளர்கள் வாயில் வழங்கிய பெயர் அது.