ஜி-குவாட்ரூப்ளெக்ஸ்: நாற்புரியா, நான்மடிப்பா?

டி.என்.ஏ. என்றால் இரட்டைச் சுருள் என்பது பள்ளிப் பாடம். அது நான்காக மடங்கியும் நிற்கும் என்று கல்லூரியில் சொல்லும்போது வரும் பெயர்தான் ஜி-குவாட்ரூப்ளெக்ஸ். மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகள் வீட்டுத் தமிழிலும் அதை அப்படியே சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதற்கும் அதை ஒட்டி வரும் சொற்களுக்கும் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதுதான் கேள்வி.

முதலில் இடம். இது உருவாகும் இடங்களில் ஒன்று குரோமோசோமின் நுனியான டெலோமியர். கிரேக்கத்தில் 'டெலோஸ்' முடிவு, 'மெரோஸ்' பகுதி. 1938இல் ஹெர்மன் முல்லர் வைத்த பெயர். 'முனைக்கூறு' என்றால் சரியாக உட்கார்ந்துவிடுகிறது, இதில் சண்டைக்கு ஒன்றும் இல்லை.

மனித முனைக்கூற்றில் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறெழுத்து திரும்பத் திரும்ப வரும். கடைசியில் ஓர் இழை மட்டும் துணையின்றி நீண்டிருக்கும். மடங்குவது அதுதான். இதில் ஜி என்பது குவானின் என்ற டி.என்.ஏ. அலகு. நான்கு குவானின்கள் ஒரே தளத்தில் சதுரமாக ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோக்கும். இப்படி மூன்று சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். சதுரங்களுக்கு இடையே பொட்டாசியம் அயனி உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும். டி-டி-ஏ பகுதிகள் வளைவுகளாக வெளியே தள்ளி நிற்கும். பெயரில் உள்ள 'ஜி' இந்தக் குவானின்தான். (கடற்பறவை எச்சமான குவானோவிலிருந்து பிரித்தெடுத்ததால் வந்த பெயர் அது!)

முப்புரி நூல் தெரிந்த நமக்கு 'நாற்புரி' என்றுதான் முதலில் வாயில் வரும். நான்கு தனி இழைகள் சேர்ந்து உண்டாகும் வகைக்கு அது பொருந்தும், அப்படியும் ஒரு வகை உண்டு. ஆனால் முனைக்கூற்றில் இருப்பது ஒரே இழை. லத்தீன் 'பிளெக்ஸ்' சொல்வதும் மடிப்பைத்தான். 'நான்மடங்கு' என்றால் நாலு தடவை என்று ஆகிவிடும். ஆகவே என் ஓட்டு 'நான்மடிப்பு'க்கு. மடங்கும் இடம் மூன்றுதானே என்று கேட்கலாம். காகிதத்தை நாலாக மடி என்னும்போது நாம் மடிப்பையா எண்ணுகிறோம்? கிடைக்கும் அடுக்கைத்தானே.

அப்புறம், இந்த நான்மடிப்பைக் கண்டுபிடிக்க உதவும் சாயம். இதில் மும்பைக்கு நேரடிப் பங்கு உண்டு. டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையமும் பவாயில் உள்ள ஐஐடி பம்பாயும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, தயோஃபிளேவின் டி என்ற மஞ்சள் சாயத்தைப் பற்றியது. 'தியோன்' கிரேக்கத்தில் கந்தகம், 'ஃபிளாவுஸ்' லத்தீனில் மஞ்சள். தண்ணீரில் தனியாக இருக்கும்போது இதன் இரு பாதிகளும் முறுக்கிச் சுழன்று, வாங்கிய ஒளி ஆற்றலை வீணாக்கிவிடும். நான்மடிப்பில் ஒட்டிக்கொண்டால் சுழல வழியில்லை. ஒளிர்வு சுமார் 2100 மடங்கு கூடுகிறது. இந்த வகைக்கு 'ஒளிர்சாயம்' போதும்.

சாயம் இலக்கைக் கண்டு ஒட்டுவதை 'இனங்காணல்' என்கிறோம். இந்தச் சாயத்துக்கு அது பாதிதான் சரி. உப்பே இல்லாத கரைசலிலும் இழையை மடிய வைப்பது இதே சாயம்தான். போதாததற்கு, அமிலாய்டு என்ற புரத இழைகளைக் கண்டாலும் இது ஒளிரும். அதற்குத்தான் இது முதலில் பேர்போனது. செல்லுக்குள் ஒளி தெரிந்ததுமே நான்மடிப்பு என்று எழுதிவிட முடியாது.