கைப்பேசியில் காற்பந்துப் பந்தயம்: எந்த ஊரில் எந்தச் சட்டம்?

பினாங்கின் பட்டர்வொர்த்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. இங்கிலாந்துக் காற்பந்து ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்து மேசைத் தம்பி தம் கைப்பேசியில் ஒரு பந்தயச் செயலியைத் திறந்து நீட்டி, "லைசென்ஸ் இருக்குண்ணே, பாருங்க" என்றார். திரையின் அடியில், பொடி எழுத்தில், கரீபியக் கடலில் உள்ள குராசோ தீவின் உரிம எண் இருந்தது. பணம் செலுத்தச் சொன்ன வங்கிக் கணக்கோ யாரோ ஒரு தனிநபரின் பெயரில் இருந்தது. அந்தத் தீவின் உரிமம் பினாங்கில் செல்லாது.

மலேசியாவில் பந்தயமும் லாட்டரியும் கூட்டரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. நம்பர் கடைகள் (எண் லாட்டரிக் கடைகள்), மன்றங்கள் நடத்தும் குதிரைப் பந்தயம், முஸ்லிம் அல்லாத 21 வயது நிரம்பியவர்களுக்கான கெந்திங் கேசினோ ஆகியவை உரிமத்துடன் இயங்குகின்றன. விளையாட்டுப் பந்தயத்துக்கு உரிமம் வழங்கும் யோசனை 2010-இல் எழுந்து, கடும் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. பந்தய இடம் நடத்துவோருக்கு, 1953-ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டம் 20,000 முதல் 200,000 ரிங்கிட் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் விதிக்கிறது. அதே ஆண்டின் பொதுச் சூதாட்ட வீடுகள் சட்டப்படி, அத்தகைய வீட்டில் ஆடுபவருக்கும் 5,000 ரிங்கிட் வரை அபராதமோ 6 மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

பலர் யோசிக்காதது, வென்ற பிறகு என்ன ஆகும் என்பதைத்தான். 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. ஆகவே செயலிக்காரர் கணக்கை முடக்கிவிட்டு வென்ற பணத்தைத் தர மறுத்தால், அதை வழக்குப் போட்டு வசூலிக்க முடியாது. எனக்கு இதைவிடக் கவலை தருவது, சிறு தொகைக்கு ஆசைப்பட்டுத் தம் ஏடிஎம் அட்டையை இரவல் கொடுக்கும் நம் பிள்ளைகளைப் பற்றித்தான். பந்தயப் பணம் ஓடுவது அப்படிப்பட்ட கணக்குகளில். கணக்கை அவ்வாறு பிறரிடம் ஒப்படைப்பதே 2024 முதல் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றமாகியிருக்கிறது.

கூட்டரசுச் சட்டம் ஒன்றுதான் என்றாலும், கடைக்கான வணிக உரிமம் ஊராட்சி மன்றத்தின் கையில் இருப்பதால் மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை மாறுகிறது. கிளந்தானில் நம்பர் கடை கிடையாது. பினாங்கை ஒட்டிய கெடாவும் 2023 முதல் அந்த உரிமங்களைப் புதுப்பிப்பதை நிறுத்தியது. முஸ்லிம்களுக்கு ஷரியா சட்டமும் சேர்ந்து பொருந்தும். கோலாலம்பூர் அடங்கிய கூட்டரசுப் பிரதேசங்களில் சூதாட்டத்துக்கு 3,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

வெளிநாட்டில் நிலைமை வேறு. இங்கிலாந்தில் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்ற நிறுவனத்திடம் பந்தயம் கட்டலாம். சிங்கப்பூரில் சிங்கப்பூர் பூல்ஸ் வழியாக மட்டுமே இணையத்தில் விளையாட்டுப் பந்தயம் கட்டலாம். உரிமமற்ற தளத்தில் ஆடுபவருக்கு 10,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் இணையச் சூதாட்டத்தில் ஈடுபடுபவருக்கே 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. திருமணம், திருவிழா என்று ஊருக்குப் போகிறவர்கள் இங்கே பதிவிறக்கிய செயலியை அங்கே திறந்தால், அங்குள்ள சட்டமே அவர்கள்மீது பாயும்.