சிங்க் ஆகிறது என்றால் பேக்கப் இருக்கிறது என்று அர்த்தமில்லை

போன மாதம் 18ஆம் தேதி மாலை ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்திலிருந்து போன். 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். அந்த வாரம் அந்த மாதிரி அலுவலகங்களில் யாரும் நேரத்துக்குச் சாப்பிடுவதுகூட இல்லை. "சார், பிரவுசர்ல ஒரு பாஸ்வேர்டுகூட இல்லை" என்றார் அங்கே வேலை பார்க்கும் பெண். சிஸ்டம் மெதுவாக இருக்கிறதே என்று ஹிஸ்டரியை அழிக்கப் போயிருக்கிறார். வந்த பெட்டியில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு அழுத்திவிட்டார். அதில் ஒரு கட்டம் பாஸ்வேர்டுகளுக்கானது. சுமார் 180 வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி, வருமான வரி பாஸ்வேர்டுகள் அதற்குள் இருந்தன.

"இதே பிரவுசர் கணக்கு வேறு எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது?" என்று கேட்டேன். ஐயா வீட்டு லேப்டாப்பில் இருக்கிறது என்றார். "நான் வருகிற வரை அதை யாரும் ஆன் பண்ண வேண்டாம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "ஐயா இப்பதான் வீட்டுக்குப் போன் போட்டு பையனைத் திறந்து பார்க்கச் சொன்னார்" என்கிறார்.

பையன் திறந்திருக்கிறான். பட்டியல் முழுசாக இருந்திருக்கிறது. "இருக்குப்பா, எல்லாம் இருக்கு" என்று அவன் போனில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் முன்னால் பட்டியல் காலியாகிவிட்டது. லேப்டாப் தானாக வைஃபையில் இணைந்து, அலுவலகத்தில் அழித்ததை வீட்டிலும் அழிக்க அவ்வளவு நேரம்தான் ஆனது.

கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் எனக்கு இந்த வருடத்தில் இப்படி வருவது இது நாலாவது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாலு பேரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "மூணு இடத்தில இருக்கே சார், எப்படிப் போகும்?" தயவுசெய்து இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் போனிலும், லேப்டாப்பிலும், அலுவலகக் கம்ப்யூட்டரிலும் இருப்பது மூன்று பிரதிகள் அல்ல. ஒரே பட்டியல் மூன்று திரையில் தெரிகிறது. சிங்க் என்பதன் வேலையே எல்லாச் சாதனத்தையும் ஒரே மாதிரி வைத்திருப்பதுதான். நீங்கள் ஒன்று சேர்த்தால் எல்லா இடத்திலும் சேரும், ஒன்று அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். தெரிந்து அழித்தீர்களா, கை தவறி அழித்தீர்களா என்று அது பார்ப்பதில்லை. அழிப்பது மட்டுமல்ல. நல்ல பாஸ்வேர்டு மேல் தப்பான பாஸ்வேர்டை சேமித்தால், அந்தத் தப்பும் ஒழுங்காக எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். ஏதோ ஒரு பழைய ஃபைலை இம்போர்ட் பண்ணி எல்லாம் இரண்டிரண்டாக வந்தால், போனிலும் இரண்டிரண்டாகத்தான் இருக்கும்.

பேக்கப் இதற்கு நேர்மாறானது. எடுத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே நிற்க வேண்டும். இன்று நீங்கள் என்ன குளறுபடி செய்தாலும் அதைத் தொடக்கூடாது. இணையத்தோடு இணைந்து தானாக மாறிக்கொண்டே இருக்கும் எதுவும் பேக்கப் ஆகாது. பத்துச் சாதனத்தில் இருந்தாலும் ஆகாது.

"சரி சார், கிளவுடில் இருக்குமே, கம்பெனிக்காரனைக் கேட்டால் தரமாட்டானா?" பாஸ்வேர்டுகளைச் சேர்த்து வைக்கும் ஆப்தான் பாஸ்வேர்டு மேனேஜர், அதைத் திறக்கும் ஒரே பாஸ்வேர்டு மாஸ்டர் பாஸ்வேர்டு. பெரும்பாலான பாஸ்வேர்டு மேனேஜர்களில் சர்வரில் இருப்பது உங்கள் மாஸ்டர் பாஸ்வேர்டால் பூட்டிய பெட்டி. சாவி அவர்களிடம் இல்லை. அதனால்தான் அதை நம்பி வைக்கிறோம். மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்துவிட்டு அவர்களிடம் சண்டை போடுவதில் பயனில்லை.

ஆனால் சிங்க்கால் கெட்டது, சிங்க் ஆகாமல் கிடந்த ஒரு சாதனத்தால் பிழைத்ததும் உண்டு. ஒரு பல் மருத்துவர். தன் கணக்கை மொத்தமாகக் காலி செய்துவிட்டு அழாத குறையாக வந்தார். அவர் வைத்திருந்தது பிட்வார்டன் என்ற பாஸ்வேர்டு மேனேஜர். அதில் தனித்தனியாக அழித்தவை 30 நாள் குப்பைக்கூடையில் இருக்கும். மொத்தமாகக் காலி செய்யும் பட்டனை அழுத்தினால் கூடைக்குப் போகாமலே போய்விடும். அவர் அழுத்தியது இரண்டாவதை. நல்லவேளை, இரண்டு மாதமாக பீரோவில் கிடந்த ஒரு பழைய டேப்லெட் இருந்தது. முதலில் வீட்டு ரௌட்டரை அணைத்தேன், டேப்லெட்டிலிருந்து சிம்மைக் கழற்றினேன். ஆன் செய்ததும் ஏர்பிளேன் மோட் போட்டேன். மாஸ்டர் பாஸ்வேர்டு கொடுத்துத் திறந்தோம், 64 பதிவுகளும் அப்படியே இருந்தன. அந்த நிலையில் எக்ஸ்போர்ட், அதாவது பட்டியலை ஒரு ஃபைலாக வெளியே எடுப்பது, வேலை செய்யவில்லை. அதனால் அவர் ஒவ்வொன்றாகத் திறந்து வாசிக்க, நான் நோட்டில் எழுதினேன். பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா, பூஜ்யமா, ஓவா என்று கேட்டுக் கேட்டு இரண்டரை மணி நேரம்.

அந்த டேப்லெட்டில் அவர் லாக் அவுட் ஆகியிருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது. பூட்டி வைப்பது வேறு, லாக் அவுட் வேறு. பூட்டினால் பிரதி சாதனத்திலேயே இருக்கும். லாக் அவுட் செய்தால் அது போய்விடும். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி போட்டாலும் போய்விடும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் செய்துவிட்டு வருவது இதைத்தான்! ஏதாவது காணவில்லை என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். எதையும் அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். 2024 ஜூலையில் விண்டோஸில் குரோம் 127 பதிப்பு வந்தபோது ஏராளமானவர்களுக்கு சேமித்த பாஸ்வேர்டுகள் காணாமல் போனது போலத் தெரிந்தன. அழியவில்லை, மென்பொருள் கோளாறு. சுமார் 18 மணி நேரத்தில் கூகுள் சரிசெய்தது. அந்த நேரத்தில் பதறிப்போய் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்திருந்தால் அதில் மட்டும் இருந்த பாஸ்வேர்டுகளோடு மற்றதும் போயிருக்கும்.

ஐபோன்காரர்கள் பாஸ்வேர்ட்ஸ் பகுதியில் 'சமீபத்தில் அழித்தவை' என்று இருப்பதைப் பாருங்கள். ஐஓஎஸ் 17 முதல் அங்கே 30 நாள் இருக்கும். அங்கே இருந்தால் எனக்குப் போன் போடவே தேவையில்லை.

அடுத்தது ஃபோல்டர் காப்பி. "குரோம் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கிறேன்" என்று பெருமையாகக் கொண்டுவருவார்கள். விண்டோஸில் அந்த பாஸ்வேர்டுகளைத் திறக்கும் சாவி, உங்கள் விண்டோஸ் கணக்கோடு கட்டியிருக்கிறது. வேறு கம்ப்யூட்டரில் கொண்டுபோய் ஒட்டினால் திறக்காது. விண்டோஸைப் புதிதாகப் போட்ட அதே கம்ப்யூட்டரிலும் திறக்காது. ஃபயர்பாக்ஸில் லாகின்ஸ்.ஜேசன், கீ4.டிபி என்று இரண்டு ஃபைலும் ஒரே நாளில் எடுத்த ஜோடியாக இருந்தால் வேலை நடக்கும். ஒன்று மட்டும் இருந்தால் சாவியில்லாத பூட்டுதான்.

என் தொழில்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் விண்டோஸ் பாஸ்வேர்டை மறந்துவிட்டார் என்று டூல் போட்டு உடைத்து, ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்து அனுப்புகிறோம். லோக்கல் கணக்கில் அப்படி வெளியிலிருந்து மாற்றினால் பிரவுசரில் இருக்கும் பாஸ்வேர்டுகள் திறக்காமல் போகும். உடைப்பதற்கு முன்னால் அவரிடம் ஒரு முறை கேளுங்கள். பழைய பாஸ்வேர்டு பிறகு நினைவுக்கு வந்தால் அதையே மறுபடி வைத்துப் பாருங்கள், பல சமயம் திரும்பக் கிடைக்கும்.

கீபாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜரை வைத்திருப்பவர்களிடம் நான் அதிகம் கோபப்படுவதில்லை. எல்லாம் ஒரே ஃபைல், காப்பி எடுத்தால் பேக்கப். கூகுள் டிரைவில் போட்டிருந்து கெட்டுப்போனால், அந்த ஃபைலின் பழைய பதிப்புகளைத் தேடுங்கள், 30 நாள் வரை இருக்கும். போனிலும் லேப்டாப்பிலும் மாறி மாறித் திருத்தி இரண்டு பிரதி உண்டாகிவிட்டால் ஒன்றை அழிக்காதீர்கள். அதே ஃபைலைத் திறக்கும் கீபாஸ்எக்ஸ்சி என்ற மென்பொருளில் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் வசதி இருக்கிறது. திறக்கும்போது மாஸ்டர் பாஸ்வேர்டோடு கேட்கும் கீ ஃபைல் வைத்திருந்தால் அதையும் தனியாக வேறு இடத்தில் வையுங்கள். அப்புறம், பழைய பேக்கப் அன்றைய மாஸ்டர் பாஸ்வேர்டில்தான் திறக்கும். நடுவில் மாற்றியிருந்தால் பழையதும் நினைவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அன்றே புதிய பேக்கப் எடுக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. மாதம் ஒரு முறை எக்ஸ்போர்ட் எடுங்கள். சிஎஸ்வி என்று வருவது வெறும் எழுத்து, யார் திறந்தாலும் படிக்கலாம். அதை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளாதீர்கள், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் விட்டுவைக்காதீர்கள், ரீசைக்கிள் பின்னிலும் விடாதீர்கள். பூட்டிய எக்ஸ்போர்ட் எடுங்கள். பிட்வார்டனில் அதிலும் இரண்டு வகை உண்டு. கணக்கோடு கட்டிய வகை அந்தக் கணக்கில் மட்டுமே திறக்கும், கணக்கே போனால் அதுவும் வீண். தனி பாஸ்வேர்டு போட்ட வகையை எடுங்கள். அந்த பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும். 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர் பெட்டகங்களின் பேக்கப்தான் திருடு போனது. திருடியவன் ஆயுசு முழுக்க உட்கார்ந்து முயன்று பார்க்கலாம், நீங்கள் பிறகு மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றினாலும் அவன் கையில் இருப்பது மாறாது.

பாஸ்வேர்டோடு இன்னொரு கோடும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பில், அந்தக் கோடு கிடைக்காதபோது உள்ளே போக உதவும் ரெக்கவரி கோடை அதே பாஸ்வேர்டு மேனேஜருக்குள் மட்டும் வைப்பது, பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவது. காகிதத்தில் எழுதி வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். மாஸ்டர் பாஸ்வேர்டையும் ஒரு கவரில் போட்டு, வீட்டில் ஒருவருக்கு இடத்தை மட்டுமாவது சொல்லிவையுங்கள். இதை உங்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். கணவர் இறந்து பதினைந்தாம் நாள் அவர் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்த ஒரு அம்மாவுக்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

அந்த அலுவலகத்தில் இரண்டு நாளும் எல்லோரும் வாடிக்கையாளர்களுக்குப் போன் போட்டு, ஜிஎஸ்டி தளத்தில் ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் புதிதாக வைத்தார்கள். ஓடிபி அவரவர் போனுக்குத்தான் போகும். பாதிப் பேர் சொல்ல மறுத்தார்கள், அவர்கள் செய்தது சரிதான். அவர்களையெல்லாம் நேரில் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. தாமதமானவர்களுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணத்தை ஆலோசகரே கட்டினார். டிக் போட்ட பெண்ணை எல்லோரும் திட்டினார்கள். தப்பு அவருடையது அல்ல, 180 பேரின் சாவிக்கு ஒரு பிரதிகூட எடுத்து வைக்காத அலுவலகத்துடையது என்று ஆலோசகரிடம் நேராகவே சொன்னேன்.

இந்த மாதம் 1ஆம் தேதி நான் போனபோது ஆலோசகரே பென் டிரைவை எடுத்து வந்தார். வைஃபையை அணைத்த ஒரு பழைய லேப்டாப்பில் பேக்கப்பைத் திறந்து, பட்டியலைக் கடைசி வரை இறக்கிக் காட்டினார். 176 பேர் இருந்தார்கள். விடுபட்ட நாலு பேர் யார், ஒவ்வொருவரையும் என்றைக்கு நேரில் பார்க்கப் போகிறார் என்று தனித்தாளில் எழுதி வைத்திருந்தார்.