ஏரியில் லூன்: எந்த இனம் என்று சொல்வது எப்படி?

குளிர்காலத்து ஏரியில் தூரத்தில் மிதக்கும் லூன் பறவைகளை (முங்கி மீன் பிடிக்கும் வடதுருவப் பக்கத்து நீர்ப்பறவைகள்) எப்படிப் பிரித்தறிவது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கோடையில் இது எளிது. காமன் லூனின் முதுகில் வெள்ளைக் கட்டங்கள் இருக்கும், செந்தொண்டை லூனுக்குப் பெயரே போதும். குளிர்கால இறகு வந்ததும் ஐந்து இனங்களுமே மேலே சாம்பல், கீழே வெள்ளை.

செந்தொண்டை லூன் மெல்லிய அலகைச் சற்றே மேல்நோக்கித் தூக்கிப் பிடிக்கும். மஞ்சள் அலகு லூனின் மேலலகு விளிம்பு நுனியருகே வெளிறியிருக்கும், காமன் லூனுக்கு அங்கே கருமை. காமன் லூனின் கழுத்தில் கருமையும் வெண்மையும் சேரும் எல்லை கோணல்மாணலாக ஓடும். பசிபிக், ஆர்க்டிக் லூன்களுக்கு அது நேராக இருக்கும்.

சரி, இந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பது? 1985 வரை அமெரிக்கப் பறவையியலாளர்கள் இரண்டையும் ஒரே இனமாகத்தான் வைத்திருந்தார்கள். நீர்மட்டத்துக்கு மேலே, பின்விலாவில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் ஆர்க்டிக் என்பது வழக்கமான விதி. ஆனால் அந்தத் திட்டு எவ்வளவு தெரியும் என்பது பறவை எவ்வளவு உயரத்தில் மிதக்கிறது என்பதைப் பொறுத்தது. அதைப் பறவையே மாற்றிக்கொள்கிறது!

பல பறவைகளின் எலும்புகளுக்குள் காற்று இருக்கும்; லூனின் எலும்புகள் பெரும்பாலும் கெட்டியானவை. அதை மிதக்க வைப்பதில் இறகுகளுக்கிடையிலும் காற்றுப்பைகளிலும் உள்ள காற்றுக்குப் பெரிய பங்கு. இறகுகளை உடலோடு அழுத்தி மூச்சையும் வெளியே விட்டால் உடலின் கன அளவு சுருங்கும், எடையோ அப்படியே இருக்கும். எடை மாறாததால் விலக்க வேண்டிய நீரின் அளவும் மாறாது. ஆக, சுருங்கிய உடலில் இன்னும் பெரிய பங்கு நீருக்குள் இறங்கியாக வேண்டும். கால் அசைக்காமலேயே, தலையும் கழுத்தும் மட்டும் வெளியே தெரியும்படி லூன் அமிழ்ந்துவிடும். ஆர்க்கிமிடீஸ் விதியை இதைவிட அழகாகக் காட்டும் உயிரினத்தை நான் அறியேன்.

இரை தேடி முங்கி எழும் ஆர்க்டிக் லூன் தாழ்ந்து மிதந்தால் திட்டு சுருங்கிப்போகும். இறகு கோதும் பசிபிக் லூன் பக்கவாட்டில் சாய்ந்தால் வயிற்று வெண்மை தெரிந்து ஏமாற்றும். அதனால் ஒரே பறவையைச் சில நிமிடங்களாவது பாருங்கள். அமைதியாக நீந்தும்போது வெண்மை பின்பக்கம் அகன்று மேலேறுகிறதா என்பதே முக்கியம். படகில் துரத்துவதை நான் அடியோடு எதிர்க்கிறேன்: மிரண்ட லூன் தாழ்ந்துவிடும், தேடிப் போன அடையாளமே மறைந்துவிடும்.

அப்புறம், தொண்டையைப் பாருங்கள். மோவாய்க்குக் கீழே நாடா கட்டியதுபோல் மெல்லிய கரும் கோடு தெளிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் அது பசிபிக் லூன். கோடு இல்லாததை வைத்து மட்டும் ஆர்க்டிக் என்று எழுதிவிடாதீர்கள். பசிபிக் லூன்களிலேயே பலவற்றுக்கு, குறிப்பாக இளம் பறவைகளுக்கு, அது இருக்காது.