ஆவாரைக்குத் தினமும் தண்ணீர் ஊற்றாதீர்கள்

மாதவரம் பகுதியில் நாட்டுச் செடிகளுக்கான நாற்றுப்பண்ணை நடத்திவருகிறேன். ஆவாரங்கன்று வாங்கிச் சென்றவர்கள் ஓரிரு மாதங்களில் திரும்பி வந்து, "வறட்சி தாங்கும் செடி என்றீர்களே ஐயா, தினமும் தண்ணீர் விட்டும் பட்டுப்போய்விட்டதே" என்று வருந்துவதை அடிக்கடி கேட்கிறேன். பெரும்பாலும் அந்தத் தினசரித் தண்ணீரே காரணம். செம்மண் காட்டிலும் சரளை மேட்டிலும் மழையை மட்டும் நம்பி வாழும் ஆவாரை, ஈரம் வடியாத மண்ணில் வேர் அழுகி இறந்துவிடுகிறது.

வடசென்னையில் இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலோரம் மணற்பாங்கானது. அங்கே தண்ணீர் தேங்குவதில்லை, ஆவாரை நன்றாகவே வரும். ஆனால் கொடுங்கையூர், வியாசர்பாடி போன்ற தாழ்வான இடங்களில் களிமண்ணும் அதன்மேல் கொட்டிய கட்டட இடிபாடும்தான் பல வீடுகளின் தோட்டமண். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்யும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலேயே கொட்டிவிடுவதால், அந்த மூன்று மாதங்களைக் கடக்கும்படி நட்டால்தான் செடி நிலைக்கும். அத்தகைய இடங்களில் ஒன்றரை அடி உயரத்துக்கு மணலும் செம்மண்ணும் கலந்து மேடு கட்டி, அதன் உச்சியில் நடுவதையே நான் வலியுறுத்துகிறேன்.

நொச்சியைப் போல ஒரு போத்தை ஒடித்து நட்டு இதை வளர்த்துவிட முடியாது; ஆவாரம்போத்து எளிதில் வேர் விடுவதில்லை. விதையே நம்பகமான வழி. காய் பழுப்பாகிக் காகிதம்போல் உலர்ந்த பின் பறித்து, பூச்சி துளைத்த விதைகளைக் கழித்துவிடுங்கள். நல்ல விதையின் தோல் மிகக் கடினமானது. அப்படியே விதைத்தால் பல விதைகள் மாதக்கணக்கில் முளைக்காமல் மண்ணில் கிடக்கும். விதையின் முளைக்கண் இருக்கும் முனையை விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்தை உப்புத்தாளில் மெதுவாகத் தேய்த்தால், பளபளப்பான மேல்தோல் மங்கி உள்ளிருக்கும் வெளிர்நிறம் ஒரு புள்ளியாகத் தெரியும். அதற்கு மேல் ஒரு தேய்ப்புகூட வேண்டாம். பிறகு இரவு முழுவதும் ஊறவைத்தால், காலையில் தண்ணீரை உறிஞ்சிய விதைகள் உப்பியிருக்கும். உப்பாதவற்றை எறியாமல் மீண்டும் தேய்த்து ஊறவையுங்கள். நிறைய விதைகள் இருந்தால் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கிய நீரில் போட்டு, அது ஆறும்வரை விட்டுவைப்பதும் பலன் தரும். ஆனால் கொதித்துக்கொண்டிருக்கும்போது போட்டால் முளை வெந்துவிடும்.

ஆனி, ஆடி மாதங்கள் விதைக்க ஏற்றவை. அகலத்தைவிட ஆழம் மிகுந்த பையைத் தேர்ந்தெடுத்து, செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு சேர்த்து நிரப்பி, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையை ஊன்றுங்கள். நீண்ட நாள் பையிலேயே இருந்த கன்றை வாங்கிப் பையைக் கிழித்துப் பாருங்கள்: ஆணிவேர் அடிவரை இறங்கி, வழியின்றித் திரும்பிச் சுருண்டிருக்கும். அப்படிச் சுருண்ட வேர் நிலத்துக்குப் போன பின்னும் ஆழம் தேடுவதில்லை; செடியின் வறட்சித் தாங்கும் திறனே அந்த ஆழத்தில்தான் இருக்கிறது. ஆகவே, ஓர் அடி உயரக் கன்றைவிட ஒரு சாண் கன்றே மேல் என்று வருபவர்களிடம் சொல்கிறேன், பலர் நம்புவதில்லை என்றாலும்.

மேட்டு நிலத்தில் புரட்டாசிக்குள் நட்டுவிடலாம்; தாழ்வான இடத்தில் தை மாதம் வரை காத்திருப்பது நல்லது. முதல் மாதம் வாரம் இருமுறை, பிறகு முதல் கோடை முடியும்வரை வாரம் ஒருமுறை ஆழமாக நனையத் தண்ணீர் விட்டால் போதும். அதன்பின் நிறுத்திவிடலாம்.

விதை சேகரிக்கும்போது பேயாவாரையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மணலி விரைவுச்சாலை ஓரங்களைப் போன்ற வெற்று நிலங்களில் தானாக முளைக்கும் களைச்செடி அது. பூ மஞ்சளாக இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். ஆவாரையில் ஓர் இலைக்காம்பில் 8 முதல் 12 இணைச் சிற்றிலைகள் சிறிதாக, முனை மழுங்கியிருக்கும். காய் தட்டையாக, மெல்லியதாக இருக்கும். பேயாவாரையில் 4 முதல் 6 இணைகளே, முனை கூரியவை, கசக்கினால் நாற்றமடிக்கும். அதன் விதை நஞ்சு. மேற்கு உத்தரப்பிரதேசத்தில் அதைத் தின்ற குழந்தைகள் மூளையும் கல்லீரலும் பாதிக்கப்பட்டு இறந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குழந்தைகள் உள்ள வீட்டினர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். கண்டெய்னர் லாரிகளின் புகையும் சாம்பல் தூசும் படிந்த சாலையோரப் பூவைத் தேநீருக்காகப் பறிப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

இலையைப் பச்சைப் புழு தின்றால் மருந்து தெளிக்க ஓடாதீர்கள்; வெளிர்பச்சை கலந்த வெண்ணிறப் பட்டாம்பூச்சியின் புழு அது, செடி மீண்டும் தழைத்துவிடும். பூத்து ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கு உயரத்தை வெட்டிவிடலாம். பெரியமேட்டுத் தோல் மண்டிகளுக்கு வந்த தோல்கள் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையால் பதனிடப்பட்டவை. அந்தப் பட்டைக்காகக் கிளைகளை வெட்டி எடுத்த பின்னும் அடியிலிருந்து துளிர்த்த செடி இது. வெட்டும் முன், முற்றிய காய்களை மட்டும் பறித்து உலர்த்தி, அடுத்த ஆனிக்கு எடுத்துவையுங்கள்.